பத்து வயதுப் பிள்ளைக்கு மேக்ஸ் ஸ்பாஞ்ச் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் கோடைக்கால டேபிள் டென்னிஸ் முகாம்கள் தொடங்கிவிடும். பிள்ளையைச் சேர்த்த பத்தாம் நாள் பெற்றோர் விளையாட்டுப் பொருள் கடைக்குப் போய், "பெரிய ஆட்டக்காரர்கள் போடுகிற ரப்பரையே கொடுங்கள்" என்று கேட்பார்கள். கடைக்காரரும் கொடுத்துவிடுவார். அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது, கேட்டதைத்தானே கொடுத்தார்! ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பிள்ளை அடிக்கிற பந்தெல்லாம் மேசையைத் தாண்டி விழும். பயிற்சியாளர் பிள்ளையைத் திட்டுவார், பெற்றோர் பயிற்சியாளரைச் சந்தேகிப்பார்கள். ரப்பரை மட்டும் யாரும் சந்தேகிப்பதில்லை, அதற்குத்தான் அத்தனை விலை கொடுத்தாயிற்றே. இந்த விஷயத்தில் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம். மன்றங்களில் மாலை நேரம் ஆடும் பெரியவர்களுக்கும் இது பொருந்தும் என்பதால், இடம் தந்து வெளியிட வேண்டுகிறோம்.

பேட் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதில் இருப்பவை மூன்று: மரத்தாலான பிளேடு, அதன்மேல் ஸ்பாஞ்ச், ஸ்பாஞ்சின்மேல் மெல்லிய மேல்தாள். ஸ்பாஞ்சும் மேல்தாளும் சேர்த்து ஒட்டி வருவதைத்தான் கடையில் 'ரப்பர்' என்று விற்கிறார்கள். மேல்தாளின் ஒரு பக்கம் வழுவழுப்பு, மறுபக்கம் சின்னச் சின்ன மொட்டுகள். மொட்டு உள்ளே பார்த்து ஸ்பாஞ்சோடு ஒட்டியிருந்தால் அது இன்வர்ட்டட் ரப்பர். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கையில் இருப்பது இதுதான் என்று சொன்னால் அவ்வளவாகத் தப்பில்லை. மொட்டு வெளியே பார்த்திருந்தால் பிம்பிள்ஸ். அதை நீளத்தைப் பொறுத்து ஷார்ட், மீடியம், லாங் என்று மூன்றாகப் பிரிப்பார்கள்.

உறையில் 1.5, 1.8, 2.0, மேக்ஸ் என்று போட்டிருப்பது ஸ்பாஞ்சின் தடிமன் மட்டுமே. மேல்தாள், ஸ்பாஞ்ச், பசை எல்லாம் சேர்த்து 4.0 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்பது விதி. ஆகவே மேக்ஸ் என்றால் அந்த வரம்புக்குள் வைக்க முடிந்த கடைசி அளவு, ஏறக்குறைய 2.1 முதல் 2.3 மி.மீ. வரை. இந்தத் தடிமன் விவகாரத்துக்கு நம் நாட்டோடு ஒரு பழைய உறவு உண்டு. 1952இல் பம்பாயில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப், ஆசியாவில் நடந்த முதல் உலகப் போட்டி. அதில் ஜப்பானின் ஹிரோஜி சாட்டோ தடித்த ஸ்பாஞ்ச் ஒட்டிய பேட்டோடு வந்து ஆடவர் ஒற்றையர் பட்டத்தைத் தட்டிச் சென்றார். பந்து பேட்டில் படும் 'டக்' சத்தத்தை வைத்தே வேகத்தைக் கணித்துவந்த ஐரோப்பியர்களுக்கு அன்று காதே கேட்காதது போல ஆகிவிட்டது. அந்தச் சச்சரவு ஓய்ந்து, தடிமனுக்கு வரம்பு கட்டிய விதி 1959இல் வந்தது.

தடித்த ஸ்பாஞ்ச் என்ன செய்யும்? பந்து பட்டதும் அமுங்கி, பிறகு உதைத்துத் தள்ளும். முழுவீச்சில் லூப் (பந்தைத் தேய்த்துச் சுழற்றி அடிப்பது) போடும் கைக்கு அந்த உதை கூலியில்லா உதவியாள் மாதிரி. அதே உதை எதிராளியின் சர்வை எடுத்துத் திருப்பும்போதும், மெல்லத் தொட்டுவைக்கும் ஷார்ட் புஷ்ஷின்போதும் வேலையைக் கெடுக்கும். தொட வேண்டிய பந்து துள்ளி எழும்பி, எதிராளிக்குத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தது போல் நிற்கும். ஆட ஆரம்பித்து ஓராண்டுகூட ஆகாத பிள்ளையிடம் வீச்சு இன்னும் முழுமையாக இருக்காது. மேக்ஸ் ஸ்பாஞ்சில் அந்தப் பிள்ளை தானாகவே ஒரு தப்பைக் கற்றுக்கொள்ளும்: பந்து வெளியே போகாமலிருக்க வீச்சைப் பாதியில் நிறுத்துவது. இரண்டு ஆண்டு கழித்து ரப்பரை மாற்றலாம், அந்தப் பாதி வீச்சை மாற்ற முடியாது. ஆகவே முதல் ஓராண்டு 1.5 அல்லது 1.8, பிறகு 1.9 அல்லது 2.0. டாப் ஸ்பின் (முன்பக்கமாக உருளும் சுழல்) தொடர்ந்து பத்துப் பந்து மேசையில் விழும்வரை மேக்ஸ் பக்கம் போகவே வேண்டாம்.

எடையையும் கணக்கில் எடுக்க வேண்டும். 85 கிராம் பிளேடில், ஒன்று 47 முதல் 50 கிராம் வரை வரும் இரண்டு மேக்ஸ் ரப்பர்களை வெட்டி ஒட்டினால், ஓர நாடா சேர்த்து 180 முதல் 185 கிராம் ஆகிவிடும். பெரியவர் கைக்கு அது சாதாரணம். பத்து வயதுக் கைக்கு அரை மணி நேரத்தில் மணிக்கட்டு தொங்கும், பேக்ஹேண்டுக்கும் (புறங்கை வீச்சு) ஃபோர்ஹேண்டுக்கும் (உள்ளங்கை வீச்சு) மாறும்போது பேட் தாமதமாக வந்து சேரும். 1.8 மி.மீ. மென்மையான ரப்பர் வெட்டியபின் ஒரு பக்கம் சுமார் 40 கிராம்தான். மொத்தம் 165 கிராமை ஒட்டியே வரும். சமையலறைத் தராசே போதும், வாங்குமுன் நிறுத்துப் பாருங்கள்.

அடுத்தது ஸ்பாஞ்சின் கடினம். கடைகளில் அதிகம் குழப்புவது இதுதான். பட்டர்ஃப்ளை நிறுவனத்தின் டெனர்ஜி 05 ரப்பருக்கு 36 என்று போட்டிருக்கும். ஜெர்மனியில் செய்த பல ரப்பர்களில் 47.5 என்று இருக்கும். சீனத்து டி.எச்.எஸ். நிறுவனத்தின் ஹரிக்கேன் 3இல் 39 அல்லது 40 இருக்கும். பார்த்தவுடன் ஜெர்மன் ரப்பர்தான் கல் மாதிரி என்று தோன்றும். உண்மையில் மூன்றும் மூன்று அளவுகோல். முதல் இரண்டுக்கும் கையில் பெரிய வித்தியாசம் தெரியாது, மூன்றாவது இரண்டையும்விடக் கடினம். எண்ணை மட்டும் கேட்டு வாங்குகிறவர், அங்குலத்தையும் சென்டிமீட்டரையும் ஒன்றாக நினைத்துத் துணி வெட்டுகிறவர் போலத்தான். ஒரே நிறுவனத்தின் ரப்பர்களுக்குள் ஒப்பிட்டால் மட்டும் எண் பேசும். டெனர்ஜி 05 36 என்றால், டிக்னிக்ஸ் 05 40, டிக்னிக்ஸ் 09சி 44. இது நேர்வரிசை.

மென்மையான ஸ்பாஞ்சில் மெதுவாக அடித்தாலும் பந்து உள்ளே அமுங்கும், பிடிக்கும், சுழலும். பலமாக அடித்தால் ஸ்பாஞ்ச் முழுவதும் அமுங்கிப் பந்து மரத்தில் போய் முட்டும். ஆட்டக்காரர்கள் இதை 'அடி தட்டுது' என்பார்கள். அதற்குமேல் எவ்வளவு பலம் கொடுத்தாலும் வேகம் கூடாது, கட்டுப்பாடுதான் போகும். கடின ஸ்பாஞ்ச் நேர் எதிர். கால், இடுப்பு, தோள் எல்லாம் சேர்ந்த வீச்சுக்குத்தான் அது வாய் திறக்கும். கையை மட்டும் அசைத்தால் பந்து மேல்தாளில் பட்டுச் செத்து வலையில் விழும். ஹரிக்கேன் 3 போட்ட கல்லூரி மாணவர்கள் பலர் "சீன ரப்பரில் உயிரே இல்லை" என்று புலம்புவது இதனால்தான். ரப்பரில் உயிர் இருக்கிறது, வீச்சு அதை எட்டவில்லை. அதே பெயரில் 'நியோ' என்று வருவது, ஆலையிலேயே ஸ்பாஞ்சைப் பதப்படுத்தி அனுப்பிய வகை. சாதாரண வகையைவிட அதில் கொஞ்சம் துள்ளல் கூடுதல்.

மேல்தாளிலும் இரண்டு குணம் உண்டு. ஒன்று ஒட்டும் குணம்: பந்தைத் தாளில் அழுத்திப் பேட்டைத் தலைகீழாகப் பிடித்தால் ஒரு கணம் ஒட்டிக்கொண்டிருக்கும். சீன ரப்பர்களின் பாணி இது. சர்வில் சுழல் அள்ளிக் கொடுக்கும், ஷார்ட் புஷ் தாழ்வாக நிற்கும். மற்றது பிடிக்கும் குணம்: ஒட்டாது, ஆனால் தேய்த்தால் இழுத்துப் பிடிக்கும். ஜப்பான், ஜெர்மனி ரப்பர்கள் பெரும்பாலும் இந்த வகை. மேசையை விட்டு இரண்டடி பின்னே நின்று லூப் போட இது வசதி. பந்து எவ்வளவு வளைந்து போகிறது என்பதும் மேல்தாளைப் பொறுத்ததே. டெனர்ஜி 05 உயரமாக வளைத்து அனுப்பும், அதே குடும்பத்தின் 64 தாழ்வாகத் தட்டையாகப் போகும். பின்பக்கமாகச் சுழன்று வரும் பேக் ஸ்பின் பந்தைத் தூக்க முடியாமல் வலையில் போடுகிறவருக்கு முதலாவது உதவும். தூக்கத் தெரிந்தும், பேட்டை வீசாமல் தடுக்கும் பிளாக் எல்லாம் மேசைக்கு வெளியே போகிறவருக்கு இரண்டாவது.

சரி, எனக்கு எது? இந்தக் கேள்விக்குக் கடையில் விடை கிடைக்காது. மூன்று ஆட்டம் ஆடுங்கள், நண்பர் ஒருவரைத் தாளும் பேனாவுமாக உட்கார வையுங்கள். தோற்ற புள்ளிகளை மட்டும் எழுதச் சொல்லுங்கள்: சர்வ் எடுத்தபோது எழும்பியது, புஷ் எழும்பியது, லூப் வலையில், லூப் வெளியே, பிளாக் வெளியே, அடி வாங்கியது. நாற்பது புள்ளி சேர்ந்தால் படம் தெளிவாகிவிடும்.

சர்வ் எடுப்பதில்தான் பாதிப் புள்ளி போகிறது என்றால், ரப்பரில் துள்ளல் அதிகம். தடிமனை ஒரு படி குறையுங்கள், அல்லது குறைந்த உதை உள்ள பழைய பாணி ரப்பருக்குப் போங்கள். 1967இல் வந்த பட்டர்ஃப்ளை ஸ்ரைவரும் 1969இல் வந்த யாசாக்கா மார்க் 5உம் இன்றும் விற்பனையில் இருப்பது பழம்பெருமைக்காக மட்டுமல்ல. பிளாக் வெளியே போகிறதென்றால் வளைவு குறைந்த மேல்தாள், 1.8 அல்லது 1.9. லூப் வலையில் விழுகிறதென்றால் அவசரப்பட்டு ரப்பரை மாற்றாதீர்கள். முதலில் முழங்கால் மடிகிறதா, பந்து இறங்கத் தொடங்கியபின் தொடுகிறீர்களா என்று பாருங்கள். அதெல்லாம் சரியாக இருந்தும் விழுந்தால் ஒரு படி மென்மையான ஸ்பாஞ்ச். லூப் போய்ச் சேர்கிறது, ஆனால் எதிராளி சிரமமில்லாமல் தடுக்கிறார் என்றால்தான் கடினமான, தடித்த ரப்பருக்கு நேரம் வந்திருக்கிறது.

இரண்டு பக்கமும் ஒரே ரப்பர் என்று கட்டாயமில்லை. ஃபோர்ஹேண்ட் வீச்சு நீளம், உடம்பு முழுவதும் அதில் சேரும். பேக்ஹேண்ட் முழங்கையும் மணிக்கட்டும்தான். ஆகவே ஃபோர்ஹேண்டில் கடினம், பேக்ஹேண்டில் அதைவிட மென்மை, தடிமன் 1.9 அல்லது 2.0 என்பது பெரும்பாலோருக்குப் பொருந்தும். மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிளேடு, இரண்டு ரப்பர் எல்லாம் ஒரே நாளில் மாற்றினால், ஆட்டம் கெட்டதற்கு எது காரணம் என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. புது ரப்பர் முதல் இரண்டு மூன்று நாள் அளவுக்கு மீறித் துள்ளும். பத்து மணி நேரமாவது ஆடிவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். பிளேடைப் பொறுத்தவரை தொடக்கத்தில் ஆல்ரவுண்ட் என்று எழுதிய ஐந்தடுக்கு மரம் போதும். கார்பன் கலந்த பிளேடில் மேக்ஸ் ரப்பர் ஒட்டுவது, சைக்கிள் பழகுகிற பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் கொடுப்பது.

இனி பிம்பிள்ஸ். நம் மன்றங்களில் இதைப் பற்றி இரண்டே கருத்து: "அது ஏமாற்று வேலை" என்பது ஒன்று, "அதைப் போட்டால் சீக்கிரம் ஜெயிக்கலாம்" என்பது மற்றொன்று. இரண்டும் தவறு.

ஷார்ட் பிம்பிள்ஸில் மொட்டு குட்டையாகவும் அகலமாகவும் இருக்கும். பந்தைத் தொடும் பரப்புக் குறைவு என்பதால் எதிராளியின் சுழல் அவ்வளவாக ஏறாது. மேசையை ஒட்டி நின்று, பந்து மேலே வரும்போதே தட்டையாக அறைகிறவர்களுக்கான ரப்பர் இது. பந்து எதிர்மேசையில் பட்டபின் எதிர்பார்த்த உயரம் எழாமல் முங்கும். ஜப்பானின் மிமா இட்டோ பேக்ஹேண்டில் இதை வைத்துத்தான் சீன வீராங்கனைகளையே திணறடித்தார். சுவீடனின் மத்தியாஸ் ஃபால்க் ஃபோர்ஹேண்டில் இதைப் போட்டு 2019 உலகச் சாம்பியன்ஷிப் இறுதிவரை போனார். ஸ்பாஞ்ச் 1.8 முதல் 2.1 வரை. பலவீனமும் தெளிவு: கனமான பேக் ஸ்பின்னைச் சுழற்றித் தூக்குவது கடினம், மேசையை விட்டுப் பின்னே தள்ளப்பட்டால் கையில் ஆயுதம் இல்லை.

லாங் பிம்பிள்ஸ் வேறு உலகம். மொட்டு மெலிந்து நீண்டிருக்கும், பந்து பட்டதும் சாயும். இன்வர்ட்டட் ரப்பர் வரும் சுழலைப் பிடித்து நிறுத்தித் தன் சுழலைக் கொடுக்கும். லாங் பிம்பிள் பிடிக்காது, வந்த சுழலை அப்படியே தொடர விடும். நீங்கள் கனமாக டாப் ஸ்பின் போட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தடுத்து அனுப்பும்போது பந்து அதே திசையில் சுழன்றுகொண்டு உங்களை நோக்கி வருகிறது, உங்களுக்கு அது பேக் ஸ்பின். நீங்கள் புஷ் செய்தால், புஷ் போலவே தெரியும் பதில் பந்தில் சுழல் இருக்காது, அல்லது லேசாக டாப் ஸ்பின் இருக்கும். அதைப் புஷ் என்று நம்பித் தூக்கினால் வெளியே பறக்கும். ஆக, லாங் பிம்பிளிடம் வாங்குவது எல்லாம் நீங்களே கொடுத்தது. இதைப் புரிந்துகொண்டவருக்கு மாற்று வழியும் தெரிந்துவிடும்: அந்தப் பக்கத்துக்குச் சுழலே இல்லாத, மெதுவான, ஆழமான பந்தை அனுப்புங்கள். லாங் பிம்பிளால் அதில் ஒன்றும் செய்ய முடியாது, பந்து மிதந்து வரும். அதை அடியுங்கள். இரண்டு முறை அடுத்தடுத்துப் பலமாக லூப் போடுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. முதல் லூப் திரும்பி வரும்போது கனத்த பேக் ஸ்பின் ஆகிவிட்டிருக்கும்.

லாங் பிம்பிளிலும் ஸ்பாஞ்ச் கணக்கு உண்டு. ஸ்பாஞ்சே இல்லாத வகையை ஓ.எக்ஸ். என்பார்கள். பசையோடு சேர்த்து 2.0 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். மேசையை ஒட்டித் தடுத்து, சுழலை அதிகமாகத் திருப்ப அது. மேசையை விட்டு எட்டடி பின்னே நின்று, பந்தைக் கீழ்நோக்கி வெட்டித் திருப்பும் சாப் செய்கிறவருக்கு 0.5 முதல் 1.2 மி.மீ. ஸ்பாஞ்ச் தேவை, இல்லாவிட்டால் பந்து கையில் நிற்காது. தென் கொரியாவின் ஜூ செ-ஹ்யுக் அப்படி ஆடித்தான் 2003 உலகச் சாம்பியன்ஷிப் இறுதிக்கு வந்தார். நம் நாட்டில் மனிகா பத்ரா பேக்ஹேண்டில் லாங் பிம்பிள்ஸ் போடுகிறவர். ஆனால் அவர் 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்றது ரப்பரால் மட்டும் அல்ல. அந்தப் பக்கத்தாலேயே தாக்குவதும், ஆட்டத்துக்கு நடுவே பேட்டைத் திருப்பிப் பிடித்து எந்தப் பக்கம் தொடும் என்று தெரியாமல் செய்வதும் ஆண்டுக்கணக்கில் பழகினால்தான் வரும்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. மாவட்டப் போட்டிகளில் சீக்கிரம் பதக்கம் வர வேண்டும் என்று ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளின் பேக்ஹேண்டில் லாங் பிம்பிள்ஸ் ஒட்டிவிடும் பழக்கம் பெருகியிருக்கிறது. அந்த வயதில் எதிரே ஆடும் பிள்ளைக்கும் சுழல் புரியாது என்பதால் பதக்கம் வரத்தான் செய்யும். ஆனால் பிம்பிள் போட்ட பிள்ளை சுழலைக் கண்ணால் படிக்கும் வேலையையே ரப்பரிடம் விட்டுவிடும். பதினைந்து வயதில் எதிராளி சுழலில்லாப் பந்தை அனுப்பக் கற்றுக்கொண்டதும் கைவசம் ஒன்றும் இருக்காது. இன்வர்ட்டடில் குறைந்தது மூன்று ஆண்டு ஆடி, பேக்ஹேண்ட் டாப் ஸ்பின் வந்தபிறகு முடிவு செய்யுங்கள். வயது ஐம்பதைத் தாண்டி, முழங்கால் வலியோடு மன்றத்தில் ஆடுகிறவர்களுக்கு இந்த நிபந்தனை இல்லை. அவர்கள் நாளைக்கே ஒட்டிக்கொள்ளலாம்.

ஆன்டி ஸ்பின் ரப்பர் மேலுக்கு வழுவழுவென இன்வர்ட்டட் போலவே இருக்கும், பிடி இருக்காது, ஸ்பாஞ்சும் செத்ததாக இருக்கும். ஒரு பக்கம் ஆன்டி, மறுபக்கம் சாதாரண ரப்பர், இரண்டும் ஒரே நிறம் என்று ஒரு காலத்தில் ஆடினார்கள். எந்தப் பக்கம் தொட்டது என்றே எதிராளிக்குத் தெரியாது. அதனால்தான் 1980களில் இரு பக்கமும் வேறு வேறு நிறம் என்ற விதி வந்தது.

நம் ஊர்த் தட்பவெப்பத்தை எந்த ரப்பர் விளம்பரமும் கணக்கில் எடுப்பதில்லை. சென்னை போன்ற கடலோர ஊர்களில் குளிர்சாதனம் இல்லாத அரங்குகளே அதிகம். காற்றில் ஈரம் ஏறினால் பந்திலும் மேல்தாளிலும் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் உட்காரும், மெல்லத் தேய்த்துப் போடும் லூப் வழுக்கி வலைக்குள் போகும். ஒட்டும் வகை ரப்பர் இன்னும் மோசம், ஈரத்தோடு தூசியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட அரங்கில் பந்தைத் தேய்ப்பதைக் குறைத்துச் சற்று உள்ளே அழுத்தி அடியுங்கள். ஆறு புள்ளிக்கு ஒருமுறை துண்டு எடுக்க விதி அனுமதிக்கிறது. அப்போது முகத்தை மட்டும் துடைக்காமல் ரப்பரையும் உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ரப்பரில் ஊதி உள்ளங்கையால் தேய்ப்பது ஒருவிதச் சடங்காகவே ஆகிவிட்டது. வியர்வை எண்ணெய்தான் அதில் ஏறும். ஆட்டம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சால் துடைத்து, காய்ந்தபின் படலத்தால் மூடி வையுங்கள். சோப்பு, ஸ்பிரிட், சானிடைசர் வேண்டாம். வெயிலில் நிற்கும் காரிலும் வண்டியின் இருக்கைக்கு அடியிலும் பேட்டை வைத்தால் ஒரு மாதத்தில் ரப்பர் காய்ந்த அப்பளம் ஆகும்.

ஒட்டும் முறை. ஃபெவிகால் கூடாது, இறுகிவிடும், பிறகு எடுக்கும்போது மரநாரும் சேர்ந்து வரும். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனும் கூடாது. அது ஸ்பாஞ்சை ஊதவைத்துத் துள்ளலைக் கூட்டும் என்று கண்டுபிடித்து ஒரு தலைமுறையே ஆடியது உண்மை. ஆவியாகும் ரசாயனம் உள்ள பசைகள் 2008 செப்டம்பரோடு தடை செய்யப்பட்டுவிட்டன. நீர் கலந்த பசை வாங்குங்கள். ஸ்பாஞ்சில் மெல்லிய பூச்சு இரண்டு, பிளேடில் ஒன்று. ஒரு பூச்சுக்கு 3 அல்லது 4 மி.லி. போதும். வெள்ளை நிறம் முழுதும் மறைந்து கண்ணாடி போல ஆனபிறகே அடுத்த பூச்சு. கோடையில் மின்விசிறிக்குக் கீழே கால் மணி நேரம், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். வெண்மை மிச்சமிருக்க ஒட்டினால் உள்ளே குமிழ் விழும். கைப்பிடிப் பக்கத்திலிருந்து மெல்லப் படியவிட்டு, உருண்டைப் புட்டியால் உருட்டுங்கள். இழுத்து ஒட்டாதீர்கள், இழுத்த ரப்பர் இரண்டு நாளில் சுருங்கி ஓரத்தில் மரம் தெரியும். பேட்டைக் கவிழ்த்து வைத்து, புது அலகு போட்ட கட்டரால் பிளேடின் விளிம்பை ஒட்டி, நிறுத்தாமல் ஒரே வீச்சில் வெட்ட வேண்டும். கழற்றும்போது கைப்பிடி ஓரத்து மூலையிலிருந்து குறுக்காக, மெதுவாக உரியுங்கள்.

ஒட்டுமுன் இன்னொன்று: நிறுவனப் பெயரும் ஐ.டி.டி.எஃப். (சர்வதேச டேபிள் டென்னிஸ் சம்மேளனம்) முத்திரையும் எண்ணும் உள்ள ஓரம் கைப்பிடி பக்கம் வந்து, கண்ணுக்குத் தெரிய வேண்டும். தலைகீழாக ஒட்டி, முத்திரையை வெட்டி எறிந்துவிட்டுப் போட்டி மேசையில் நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது. அந்த எண் சர்வதேச சம்மேளனத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று கைப்பேசியிலேயே பார்க்கலாம். போலி ரப்பரும் பெரும்பாலும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் கறுப்பு கட்டாயம். மறுபக்கம் சிவப்புதான் என்று இன்னும் சில நடுவர்களே நினைக்கிறார்கள். 2021 அக்டோபர் முதல் நீலம், பச்சை, ஊதா, இளஞ்சிவப்பும் செல்லும். ஆலையிலிருந்து வந்த ரப்பரில் எண்ணெய், துள்ளலைக் கூட்டும் பூஸ்டர் திரவம் எதுவும் தடவக் கூடாது. தடவுகிறவர்கள் இல்லாமல் இல்லை, அது வேறு கதை.

ரப்பர் எப்போது போயிற்று என்று தெரிந்துகொள்ளப் பந்து ஒன்று போதும். பந்தைச் சுழலவிடாமல் பிடித்து, முதலில் ரப்பரின் ஓரத்திலும் பிறகு நடுவிலும் அழுத்தி இழுங்கள். நடுவில் வழுக்கினால் நேரம் முடிந்தது. நாளுக்கு இரண்டு மணி, வாரம் ஐந்து நாள் ஆடுகிறவருக்கு மாதம் நாற்பது மணி நேரம் ஆகிறது. துள்ளல் வகை ரப்பர் இரண்டு, மூன்று மாதத்தில் தளரத் தொடங்கும். அத்தனை விலையில் ஆண்டுக்கு நான்கு முறை மாற்ற முடியாத குடும்பம், பாதி விலை ரப்பரை நேரத்துக்கு மாற்றுவது மேல். தேய்ந்துபோன டெனர்ஜியைவிடப் புதிய மார்க் 5 நன்றாகவே பிடிக்கும்.

உங்கள் நாளிதழ் வழியே இரண்டு வேண்டுகோள். கடைக்காரர்கள் ஸ்பாஞ்சின் கடினத்தை எழுதும்போது எந்த நாட்டு அளவுகோல் என்பதையும் ஒரு சொல்லில் எழுதி வைக்கட்டும். கோடை முகாம் நடத்துகிறவர்கள் ஒரே வகைப் பிளேடில் 1.5 மென்மை, 1.8 நடுத்தரம், 2.0 கடினம் என்று மூன்று பேட் ஒட்டி அலமாரியில் வைக்கட்டும். பிள்ளை ஒவ்வொன்றிலும் ஒரு வாரம் ஆடிப் பார்க்கட்டும், நான்காவது வாரம் பெற்றோர் கடைக்குப் போகட்டும்.

இங்ஙனம்,
டேபிள் டென்னிஸ் பயிற்சியாளர்கள் இருவர்,
சென்னை